நைஜீரிய ஆட்டக்காரருக்கு ஒரு பொன்னாடை

இரண்டாயிரங்களின் நடுவில் கனடாவின் மொன்றியல் நகரில் கால்பந்து என்றால் அந்த நைஜீரிய ஆட்டக்காரர்தான். மெத்ரோ ரயில் நிலையச் சுவரில் அவர் படம், தெப்பனர் என்கிற மூலைக்கடை வாசலில் அவர் படம். என் மகன் என் சொல்லைக் கேட்கமாட்டான், அவர் குடிக்கும் ஜூஸைத்தான் குடிப்பான். அந்த ஜூஸை லாசால் பகுதித் தொழிற்சாலையில் போத்தலில் அடைத்தது நாங்கள். விளம்பரத்துக்காக ஒருநாள் அவரே தொழிற்சாலைக்கு வருகிறார் என்றார்கள்.

பெரிய மனிதர் வந்தால் சும்மா கைகுலுக்கி அனுப்ப எங்களுக்குத் தெரியாது. பொன்னாடை போர்த்தியே ஆகவேண்டும். எங்கள் ஷிப்டில் ஒன்பது தமிழர். சரிகைச் சால்வை ஒன்று வாங்கினோம். யார் போர்த்துவது என்றபோது முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் சொன்னேன், பெட்டி அடுக்கும் நைஜீரிய நண்பன் போர்த்தட்டும், அவருடைய ஊர்க்காரன்தானே என்று.

"அவன் கமெராவைக் கண்டா ஒளியிறவன், அண்ணை. விடுங்கோ," என்றான் பக்கத்தில் நின்றவன்.

"அது வெக்கம். நான் கூட்டிக்கொண்டு வாறன்."

வெட்கம் இல்லை என்று எனக்குத் தெரியும். அகதி வழக்குத் தோற்று, நாடுகடத்தும் கடிதம் வந்தபிறகு, வேறொருவர் பெயரில் அவன் வேலை செய்துகொண்டிருந்தான். திரும்பிப் போனால் அண்ணனைக் கொன்றவர்கள் தன்னையும் கொல்வார்கள் என்று சாப்பாட்டு நேரத்தில் எனக்கு மட்டும் சொல்லியிருந்தான். ஒரு காலத்தில் நானும் கல்யாணவீட்டில் வீடியோ லைட் திரும்பினால் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்தவன்தான். எனக்கு வதிவிடப் பேப்பர் கிடைத்து எட்டு வருடமாகியிருந்தது. பயம் விட்டுப்போனதோடு புத்தியும் விட்டுப்போயிருந்தது.

ஆட்டக்காரர் வந்தார். நண்பன் பெட்டிகளுக்குப் பின்னால் நின்று, "வேண்டாம், தயவுசெய்து," என்று ஆங்கிலத்தில் கெஞ்சினான். தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனேன். அவன் சால்வையைப் போர்த்தினான். ஆட்டக்காரர் அவனைக் கட்டிப்பிடித்து அவர்கள் மொழியில் ஏதோ கேட்டார். ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து அவன் வாய்விட்டுச் சிரித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். கமெராக்கள் மின்ன, நான் பூரித்துப்போய் அவன் பக்கத்தில் நின்றேன்.

மறுநாள் மெத்ரோவில் இலவசமாகக் கொடுக்கும் பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்தப் படம். ஆட்டக்காரர் நிற்காவிட்டால் எங்கள் மூஞ்சிகளை யார் போடப்போகிறார்கள்? ஊர் முழுக்கப் பார்த்தது.

நாலாம் நாள் இரண்டு குடிவரவு அதிகாரிகள் வந்தார்கள். படத்தில் நண்பனின் முகத்தில் விரல் வைத்து, ஆள் எங்கே என்று பிரெஞ்சில் கேட்டார்கள். தெரியாது என்றேன். படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்கள். படத்தில் அவன் தோளில் கைபோட்டபடி நான் இளித்துக்கொண்டு நின்றேன். அவனைத் தேடிப்பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். கையுறையைக் கழற்றக்கூட விடவில்லை. அடுத்த மாதம் விமானத்தில் ஏற்றிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அதன்பிறகு அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்தில் சுற்றிவளைப்பு நடந்தால் எங்களை வரிசையாக நடக்கவிட்டு, இயக்கக்காரரைக் காட்டிக்கொடுக்க ஆமிக்குப் பக்கத்தில் சாக்கால் முகம் மூடிய தலையாட்டியை இருத்துவார்கள். யாரைப் பார்த்து அவன் தலையை ஆட்டினானோ அந்த ஆள் முடிந்தான். அந்தத் தலையாட்டியை நான் திட்டாத திட்டில்லை. அவனாவது அடிக்குப் பயந்து செய்தான். நான் கைதட்டலுக்காகச் செய்தேன்.