உட்கார முடியாத கவசம்

"அக்கா, இதப் போட்டுக்கிட்டு உக்கார முடியுமா?" என்று தங்கை செல்வி கேட்டாள். "விண்வெளி வீராங்கனை எதுக்குடி உக்காரணும்?" என்று அவள் வாயை அடைத்தேன். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். யாரிடமும் யோசனை கேட்டுப் பழக்கமில்லை.

ஆஸ்டின் டவுனில் எங்கள் ஒற்றை அறையில், வேலை முடிந்து வந்த களைப்போடு, செருப்பு தைக்க வாங்கும் ரப்பர் ஷீட்டை வெட்டிச் சூடுகாட்டி வளைத்து விண்வெளி வீராங்கனை வேடத்துக்காகச் செய்த கவசம் அது. இணைப்பு தெரிந்தால் அசிங்கமென்று மார்பையும் இடுப்பையும் ஒரே துண்டாக ஒட்டியிருந்தேன்.

சுற்றிலும் கன்னடமும் ஆங்கிலமுமாகக் கேட்ட வேடப் போட்டியில், மேடைக்கு அழைக்க வெகுநேரமானது. எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள். என்னால் குனியக்கூட முடியவில்லை. கழற்றினால் ஒட்டு பிரிந்துவிடும். திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தபடி, "ஐயோ, காலு" என்று முனகினேன்.

பக்கத்தில் ஒரு ரோபோ வந்து நின்றது. உள்ளிருந்து பெண் குரல் கேட்டது.

"தமிழா? நீங்களும் உக்கார முடியாத கேஸா? திரும்பி நில்லுங்க, முதுகோட முதுகு சாஞ்சுக்கலாம்."

"பரவாயில்லங்க."

"உங்களுக்குப் பரவாயில்ல, எனக்குக் கால் போகுதே!"

சிரிப்பு வந்துவிட்டது. சாய்ந்து நின்றோம். கால்வலி குறைந்தது. பரிசு இருவருக்கும் இல்லை. ஆனால் மேடையில் நேராக நடந்தேன்.

எவ்வளவு சுலபமாக அந்த ரோபோப் பெண் உதவி கேட்டுவிட்டாள் என்பதுதான் மனதைவிட்டுப் போகவில்லை.

நேற்று கவசத்தை இடுப்பில் இரண்டாக வெட்டினேன். எங்கே வெட்டலாம் என்று செல்வியைக் கேட்டேன். அவள்தான் கோடு போட்டாள்.