கதவைச் சாத்தச் சொன்ன குரல்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். என்னுடைய பிழையையும் மறைக்கமாட்டேன். ரீட்டா அன்ரியைத் தெரிந்த நீங்கள் வாசிக்கப்போகிறீர்கள். அதனால் கூட்டிச் சொல்லவும் முடியாது.

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, எங்கள் பள்ளிக்கூட வேன் கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் வந்து நின்றது. கதவைத் திறந்துவிட அன்ரி இறங்கவில்லை. சாரதி சிவா அங்கிள்தான் இறங்கி வந்தார். "பிள்ள, ரீட்டா அக்கா நித்திரையிலயே போயிட்டா" என்றார். வெள்ளவத்தைப் பள்ளிக்கூடம் வரை அன்ரியின் கதவோர ஆசனம் வெறுமையாகவே வந்தது.

பிள்ளைகளை ஏற்றி இறக்குவது அன்ரியின் வேலை. எல்லோரும் ஏறி முடிந்ததும் கதவோர ஆசனத்தில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய சீடி பிளேயரை வைத்துப் பாட்டுக் கேட்பார். வேன் பள்ளத்தில் விழுவதற்குச் சற்று முன்பே அதை இரண்டு கைகளாலும் தூக்கிப் பிடித்துவிடுவார். பாதையில் குழிகள் எங்கெங்கே என்று அவருக்கு மனப்பாடம்.

"அக்கா, என்ன, முட்டையா கொண்டுபோறீங்க?" என்று சிவா அங்கிள் கேட்பார்.

"நீ ஒழுங்கா ஓட்டினா நான் ஏன் தம்பி தூக்குறன்?"

அவரிடம் இருந்தது ஒரே ஒரு சீடி. கோயில் பாடகர் குழு, யேசு பிறப்புக்குப் பாடும் நத்தார்ப் பாட்டுகளை ஒத்திகை பார்த்தபோது பதிந்தது அது. குழுவை நடத்தியவர் அன்ரியின் கணவர், அந்தோனி அங்கிள். நான் பிறக்குமுன்பே இறந்துவிட்டார். மூன்றாம் பாட்டுக்கும் நாலாம் பாட்டுக்கும் இடையில் அவர் ஏதோ சொல்வாராம். அதைக் கேட்டதும் அன்ரி பிளேயரை நிறுத்திவிடுவார். பற்றரியை மிச்சம்பிடிக்கத்தான். சோர்ந்த பற்றரிகளை வேனின் முன்கண்ணாடிக்குக் கீழே வெயிலில் காயவும் வைப்பார்.

எழுத்தாக எது கையில் அகப்பட்டாலும் வாசித்துவிடுவேன். பிளேயரின் உறைக்குள் மடித்து வைத்திருந்த விளக்கத் தாளையும் அப்படித்தான் வாசித்தேன். பிளேயர் சில வினாடிப் பாட்டை முன்கூட்டியே வாசித்து நினைவில் வைத்துக்கொள்ளுமாம். குலுங்கினால் நினைவிலிருந்து பாடுமாம், பாட்டு துள்ளாது. ஆனால் அதற்குப் பற்றரி கூடுதலாகச் செலவாகும், வேண்டாதபோது ஒரு சுவிச்சால் நிறுத்திவைக்கலாம் என்றும் எழுதியிருந்தது. ஒரு நாள் அன்ரி ஒரு சின்னப் பிள்ளையை ஏற்ற இறங்கியபோது, நான் அந்தச் சுவிச்சை நிறுத்திவிட்டேன். பற்றரி எத்தனை நாள் கூட உழைக்கிறது என்று பார்த்து, பிறகு சொல்லி அவரைச் சந்தோசப்படுத்த நினைத்தேன்.

அன்று கொள்ளுப்பிட்டியில் முன்னால் போன பஸ் சடாரென்று நின்றது. எங்கள் வேனும் குலுங்கி நின்றது. அன்ரியின் கைகள் எழும்ப நேரமிருக்கவில்லை. பாட்டு துள்ளிப் போனது. அவர் பாட்டைப் பின்னுக்கு ஓட்டி ஓட்டி மறுபடி போட்டுப் பார்த்தார். வேனின் அதிர்வில் ஒவ்வொரு முறையும் அங்கிள் பேசும் இடத்தைத் தாண்டி நாலாம் பாட்டுக்கே பாய்ந்தது. "சீடி பழுதாப் போச்சு மகள்" என்று வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். அடுத்த மூன்று நாளும் அதை வெளியே எடுக்கவில்லை. ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார். நானும் வாய் திறக்கவில்லை.

நாலாம் நாள் நான் செய்ததைச் சொன்னேன். அன்ரி பிளேயரைப் பையிலிருந்து வெளியே எடுத்தார்.

"நீ சொல்லாட்டி, அந்த மனுசன் என்னோட கோவிச்சிட்டார் எண்டுதான் நினைச்சிருப்பன்."

சுவிச்சைப் போட்டுவிட்டு, ஒரு பக்க இயர்போனை என் காதில் வைத்தார். பாட்டு முடிந்தது. யாரோ இருமினார்கள். பிறகு களைத்துப்போன ஒரு குரல்: "ரீட்டா, கதவைச் சாத்து. வெளிச் சத்தம் வருது."

அவ்வளவுதான்.

"சாத்தினீங்களா அன்ரி?"

"எங்க! கிட்ட நிக்கிற நீங்களே சாத்துங்கோ எண்டனான். அதுக்குள்ள அடுத்த பாட்டைத் தொடங்கிட்டார்."

பள்ளிக்கூடம் வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

நேற்றுப் பின்னேரம் கோயில் மண்டபத்தில் அவருடைய முப்பத்தோராம் நாள் நினைவுச் செபம். அன்ரியின் தங்கை பிளேயரை ஒலிபெருக்கியோடு இணைத்து, என்னை இயக்கச் சொன்னார். புதுப் பற்றரி போட்டேன். சுவிச்சை இரண்டு தரம் பார்த்தேன். மூன்றாம் பாட்டு முடிந்தது. அந்தக் குரல் வந்தது. மண்டபக் கதவு திறந்து கிடந்தது. தெருவில் ஆட்டோக்களின் சத்தம். நான் எழுந்துபோய் அதைச் சாத்திவிட்டு வந்தேன்.

வேன் பள்ளத்தை நெருங்கும்போது இப்போது என் கைகளும் தாமாகவே மேலே எழும்புகின்றன. மடியில் புத்தகம்தான் இருக்கும். அன்ரியிடமிருந்து எனக்குக் கிடைத்தது அதுதான்.

நேற்றுச் செபம் முடிந்து எல்லோரும் போனபின், அன்ரி சுற்றுவதைப்போலவே வயரைச் சுற்றி, பிளேயரை அவருடைய தங்கையிடம் கொடுத்தேன். மண்டபத்து விளக்குகளை அணைத்தார்கள்.