என்னிடம் ஒப்படைக்கப்பட்ட கடைசி அத்தியாயம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சற்று முன்பு நம் வாசிப்புக் குழுவில் வந்த செய்தி, வத்சலா அம்மையாரின் எண்ணிலிருந்தே வந்தது. அவருடைய பெயர், மூக்குக் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டுச் சிரிக்கும் அவருடைய படம், அதன் கீழே "இன்று விடியற்காலை காலமானார்" என்ற வரி. மகள் நிர்மலா தாயின் கைப்பேசியிலிருந்து அதை அனுப்பியிருந்தார் என்பது சில நிமிடங்கள் கழித்தே விளங்கியது. அதற்குள் விவேக் நகர் பீட்டர் வழக்கம்போல் கட்டைவிரல் குறியைப் போட்டுவிட்டு, பதறிப்போய் நீக்கிக்கொண்டார். அம்மையார் தம் மரணத்தைத் தாமே அறிவித்ததுபோல் அமைந்துவிட்ட அந்த நிமிடங்களை உங்களில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு விளக்கம் இருந்தது. நான் எழுத வந்தது விளக்கம் கிடைக்காத ஒன்றைப் பற்றி.

வத்சலா அம்மையார் குழுவில் சேர்ந்த புதிதில் ஒரு நாவலைப் பற்றி அழகாக எழுதிவிட்டு, "கடைசி அத்தியாயம் நான் படிக்கவில்லை" என்று முடித்திருந்தார். சொத்து ஆவணங்களைச் சரிபார்ப்பது என் தொழில். கடைசித் தாளைப் பார்க்காமல் கருத்துரை எழுதுபவரை எங்கள் அலுவலகத்தில் மறுநாள் உட்கார விடமாட்டார்கள். அதை அப்படியே பதிலாக எழுதினேன். அடுத்த நிமிடம் என் கைப்பேசி ஒலித்தது.

"லாயர் சார், நான் வத்சலா. இவ்வளவு கோவமா எழுதியிருக்கீங்களே, காபி குடிச்சீங்களா இல்லையா?"

"கோபம் இல்லை மேடம். முழுசாப் படிக்காம ஒரு புத்தகத்தைப் பத்தி..."

"முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல உக்காந்தவ சார் நான். லைன் போட்டுக் குடுப்பேன், ரெண்டு பக்கமும் ஹலோ வந்துதான்னு கேப்பேன், விலகிடுவேன். எத்தனை கதையை ஆரம்பிச்சு வச்சிருக்கேன் தெரியுமா? ஒண்ணோட முடிவும் கேட்டதில்ல. கேக்கறது தப்பு. நான் ரிடையர் ஆயிட்டேன், அந்தப் பழக்கம் ஆகல."

காபி இன்னும் குடிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். நட்பு அங்கே தொடங்கியது.

அவருடைய வழக்கம் உங்களில் சிலருக்குத் தெரியும், ஆனால் தனித்தனியாகத்தான் தெரியும். ஒரு நாவலைக் கடைசி அத்தியாயத்தின் வாசல் வரை படிப்பார். பிறகு அந்தப் பிரதியைக் குழுவில் ஒருவரிடம் கொடுத்து, முடிவை அவர் பொறுப்பில் விட்டுவிடுவார். பெற்றுக்கொண்டவர் அதைப் படித்து மனத்தில் வைத்திருக்க வேண்டும். எழுதி வைக்கக் கூடாது, பிறரிடம் சொல்லக் கூடாது. அவர் கேட்கும் நாளில் வாயால் சொல்ல வேண்டும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஜீவனஹள்ளியில் அவர் வீட்டு மாடியில், எனக்கான புத்தகத்தைப் பெற்றுக்கொண்டேன். மறுபதிப்பு காணாத பழைய நாவல் அது. பாகப்பிரிவினை வழக்கில் சிக்கிய ஒரு வீட்டை அளக்க வரும் அளவையாளன், வேலை முடிந்த பிறகும் புறப்பட முடியாமல் அங்கேயே தங்கிவிடும் கதை.

"அளக்கறவன் கதை. உங்களுக்குத்தான் சரி," என்றார். "பத்திரமா வச்சுக்கோங்க சார். மறந்துட்டாக்கூடப் பரவாயில்ல, சொந்தமா ஒண்ணு கட்டிவிடாதீங்க."

அன்றே கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். புத்தகத்தை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அதன் பிறகு அதைத் திறக்கவில்லை.

அவர் இறந்த வாரத்தின் செவ்வாய்க்கிழமை பிற்பகல் அழைத்தார். குரல் மெலிந்திருந்தது. இதயம் பலவீனமாகிவிட்டதை நாம் எல்லோரும் அறிந்திருந்தோம்.

"லாயர் சார், என் முடிவைக் குடுத்துடுங்க."

"இப்பவா மேடம்? என்ன அவசரம்?"

"மத்தவங்க எல்லாரும் குடுத்தாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

அந்தச் சொற்கள் என்னை அச்சுறுத்தின. காரணத்தை மறைக்காமல் பதிவு செய்கிறேன். ஒரு முடிவு என்னிடம் எஞ்சியிருக்கும் வரை அவர் போகமாட்டார் என்று நினைத்தேன். வேறொருவர் இப்படிச் சொல்லியிருந்தால் ஒரு நொடியும் ஏற்றிருக்க மாட்டேன். அன்று அதை நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து சொல்வதாகச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமையா?" என்று கேட்டார். பிறகு சிரித்தார். "ஆய்த்து, சரி. நான் லைன்லயே இருக்கேன். கட் பண்ண மாட்டேன்."

சனிக்கிழமை விடியற்காலை அவர் இல்லை. கேட்டவரின் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்காமல் காலம் கடத்தியவன் நான். இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது.

ஆயினும் சொன்ன சொல்லுக்காக ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் சென்றேன். கூடத்தில் பீட்டரும், சேலத்திலிருந்து வந்து இங்கே மென்பொருள் வேலையில் இருக்கும் கவிதாவும் இருந்தார்கள். ஆறு ஆண்டுகளாக ஒருவரையொருவர் எழுத்தில் அறிந்தவர்கள், முகம் பார்த்தது அன்றுதான்.

"உங்க கிட்டயும் கேட்டாங்களா சார்?" என்றார் பீட்டர் தாழ்ந்த குரலில். "எனக்குத் தீபாவளி முடிஞ்சதும் போன் வந்துச்சு."

"எனக்கு அதுக்கு அடுத்த வாரம்," என்றார் கவிதா. "புக்கு குடுத்த வரிசையிலயே திருப்பிக் கேட்டிருக்காங்கண்ணா. நான் அப்பவே யோசிச்சிருக்கணும்."

அப்போது நிர்மலா என் அருகில் வந்து அமர்ந்தார்.

"லாயர் சார்னா நீங்கதானே? ரொம்ப தேங்க்ஸ் சார். வெள்ளிக்கிழமை நீங்க சொன்னதுல அம்மாக்கு அவ்வளவு சந்தோஷம்."

"வெள்ளிக்கிழமையா?"

"சாயங்காலம், விளக்கேத்தற நேரம். ஜன்னல் பக்கத்துல உக்காந்து, காதுல கைய வச்சுக்கிட்டு உம், உம்னு கேட்டுட்டிருந்தாங்க. எக்ஸ்சேஞ்ச்ல ஹெட்போனைப் பிடிப்பாங்களே, அப்படி. யாரும்மான்னு கேட்டேன். 'லாயர் சார். லைன் கெடச்சிருச்சு'ன்னாங்க. போன் என்னவோ சமையலறையில சார்ஜ்ல இருந்துச்சு சார். அதான் எனக்கு இன்னும் புரியல."

"என்ன கேட்டதாச் சொன்னாங்க?"

"கடைசியில அந்த ஆள் வீட்டைப் பூட்டறான். ஆனா சாவிய எடுத்துட்டுப் போகாம, கதவுலயே விட்டுட்டுப் போறான். 'யாரு வேணா வரலாம்னு விட்டுட்டான்டி'ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சாங்க."

முடிவு அதுவேதான். பீட்டரும் கவிதாவும் என்னைப் பார்த்தார்கள். நான் மறுக்கவில்லை. நிர்மலாவின் அனுமதியோடு அம்மையாரின் கைப்பேசியைப் பார்த்தேன். எங்களுக்கிடையே கடைசி அழைப்பு செவ்வாய்க்கிழமை. என் கைப்பேசியும் அதையே காட்டியது. வேறெங்காவது இன்னொரு பிரதி கிடைத்து, தாமே கடைசி அத்தியாயத்தைப் படித்திருக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு வீடு திரும்பினேன். அந்த அனுமானம் எனக்குப் போதுமானதாகவே இருந்தது.

வீட்டில் அலமாரிக்கு எதிரே நின்றபடி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.

அளவையாளன் கதவைப் பூட்டுகிறான். சாவியை முற்றத்துக் கிணற்றில் எறிகிறான். நீரில் அது விழும் ஓசைக்காகக் காத்து நிற்கிறான். அங்கே நாவல் முடிகிறது.

கதவில் தொங்கும் சாவி அந்தப் பக்கத்தில் இல்லை. முந்தைய பக்கங்களிலும் இல்லை. மூன்று முறை படித்தேன். அது என் நினைவின் பிழை. கட்டிவிடாதீர்கள் என்று அவர் எச்சரித்தும், இரண்டு ஆண்டுகளில் என்னையறியாமல் நான் கட்டிவிட்ட முடிவு. அவர் வேறு பிரதியைப் படித்திருந்தால் கிணறு என்றுதான் சொல்லியிருப்பார். அந்தச் சாவி என் மனத்தைத் தவிர வேறெங்கும் இருந்ததில்லை. அதை நான் எழுதவும் இல்லை, எவரிடமும் சொல்லவும் இல்லை.

இங்கே ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. ஒருமுறை சொன்னேன். அந்த வெள்ளிக்கிழமை ஒரு கட்சிக்காரரின் மூல ஆவணங்களைப் பார்க்கச் சந்தாபுரா சென்றிருந்தேன். திரும்பும்போது ஓசூர் சாலை நெரிசலில் வண்டி நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரிடம் எப்படிச் சொல்வது என்று, வண்டியின் ஜன்னல் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முடிவை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். சாலை விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. வண்டியில் என்னைத் தவிர எவரும் இல்லை.

இதிலிருந்து எந்த முடிவுக்கும் வர எனக்குத் தகுதி இல்லை. தற்செயல் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். நிர்மலாவிடம் கிணற்றைப் பற்றிச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

புத்தகத்தை மறுவாரமே நிர்மலாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வத்சலா அம்மையாருடையதாக என்னிடம் எஞ்சியிருப்பது, எந்தப் புத்தகத்திலும் இல்லாத, கதவிலேயே விடப்பட்ட அந்தச் சாவி மட்டும். என்னிடம் ஒப்படைத்ததை அவர் பெற்றுக்கொண்டார். கொடுத்தவன் நான்தானா என்பது எனக்குத் தெரியாது.