அடைப்புக்குறிக்குள் ஓர் ஊர்

பெயர் அருந்ததி. தந்தை விநாசித்தம்பி, சுங்க இலாகா எழுத்தர். பிறந்த நாள் 1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11. பிறந்த இடம் பினாங்கு, டத்தோ கிராமாட். மணம் செய்துகொள்ளவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் ஒரு வழக்கறிஞரிடம் சுருக்கெழுத்தாளர். அந்த வழக்கறிஞர் 1996இல் ஓய்வெடுத்துக்கொள்ள, அலுவலகம் மூடப்பட்டது. அதன் பின் அருந்ததி பதினோரு இடங்களுக்கு விண்ணப்பித்தார். ஏழு இடங்களிலிருந்து பதில் வந்தது. ஏழிலும் வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது.

இவ்வளவும் எங்கள் குடும்பப் பதிவேட்டில் சான்றோடு உள்ள செய்திகள். இனி வருவனவற்றில் பாதிக்குச் சான்று, அருந்ததி அச்சிட்டுக் கோப்பில் வைத்த தாள்கள். மீதிக்குச் சான்று காமாரியாவின் வாய். இரண்டில் வாய்தான் நீளம் என்பது மட்டும் என் கருத்து.

காமாரியா, சூலியா தெருவில் பதினான்கு அறைகள் கொண்ட விடுதியின் முன்மேசையில் அமர்ந்து சாவி கொடுத்தவர். விடுதி அவருடைய தம்பி ஹபீப் முகம்மதுவினுடையது. முதுகுப்பையோடு வரும் வெள்ளைக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். 1997ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஹபீப் ஒரு கணினி வாங்கி, விடுதிக்கென்று ஓர் இணையத்தளமும் அமைத்தார். சிங்கப்பூரில் இருந்த அவருடைய மைத்துனர் சிக்கந்தர்தான் அமைத்துக் கொடுத்தார். அறையின் படத்தை மட்டும் போட்டால் ஒருவரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள், வாரம் ஒரு கட்டுரை போட்டால்தான் தேடுபவர்கள் கண்ணில் படும் என்றும் அவரே சொன்னார். ஹபீப் விடுதிக் கதவில் ஒரு தாளை ஒட்டினார்: "ஆங்கிலத்தில் எழுத ஆள் தேவை." வயதைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. மார்ச் 3, திங்கட்கிழமை, அருந்ததி வேலையில் சேர்ந்தார்.

முதல் கட்டுரையிலேயே முதலாளிக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. தலைப்பு, ஃபெரி. எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குத் தீவுக்கு வரும்போது மட்டுமே கட்டணம் என்றும், திரும்பிப் போகும்போது இல்லை என்றும், காலையில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று, மாலையில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று என்றும் மூன்று நாள் படகுத்துறையில் நின்று பார்த்து எழுதியிருந்தார்.

"அக்கா, டூரிஸ்ட்டுக்கு எழுதச் சொன்னா கோர்ட்டுக்கு எழுதுற மாதிரி இருக்கே லா," என்றார் ஹபீப். "கீழ்த்திசை முத்து, அப்படி இப்படின்னு ரெண்டு வார்த்தை போடுங்க."

"ஐம்பது வருஷமா இங்கதான் இருக்கேன் தம்பி. முத்து எதையும் பார்க்கலையே."

"அவனே கழுத்துல ஒரு பிளாஸ்டிக் முத்த மாட்டிக்கிட்டு நிக்கட்டும்," என்றார் காமாரியா. "வர்றவங்க பார்த்துக்குவாங்க."

கட்டுரை அவர் எழுதியபடியே தளத்தில் போயிற்று. அடுத்தடுத்தவையும் அப்படியே போயின. துணி துவைக்கக் கொடுக்கும் இடம், விசா நீட்டிக்கும் அலுவலகத்தில் எந்த வரிசையில் நிற்பது, கொடிமலை உச்சிக்கு ஏறும் ரயிலில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் கடல் தெரியும் என்று வாரம் ஒன்று வெளிவந்தது. பக்கத்தின் அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண் ஒன்று இருந்தது. அருந்ததி தினமும் காலையில் அதைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். தான் பார்த்ததால் ஏறிய ஒன்றை மறக்காமல் கழித்துவிடுவார்.

அந்தக் கட்டுரைகளில் விசித்திரமான ஒன்று இருந்தது. விசித்திரம் என்று அருந்ததிக்குத் தோன்றவில்லை. அவருடையதைப் போன்ற யாழ்ப்பாணத்தார் வீடுகளில் ஒருவருடைய பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "எந்த ஊர்?" என்பதுதான். மலாயாவில் பிறந்து, மலாயாவில் ஓய்வூதியம் வாங்கி, யாழ்ப்பாணத்தை வரைபடத்தில் மட்டும் கண்டவருக்கும் ஓர் ஊர் உண்டு. தகவல் தந்தவர் யார் என்று பதிய வேண்டுமென்பது வழக்கறிஞர் அலுவலகப் பழக்கம். இரண்டும் சேர்ந்தன. கொடிமலை ரயில் பற்றிய கட்டுரையில், "திரு. தியாகராஜா (வட்டுக்கோட்டை), ஓய்வுபெற்ற ரயில்வே எழுத்தர், அமரர் ஸ்டேஷன் மாஸ்டர் ஏரம்பமூர்த்தியின் மகன், தெரிவித்தபடி" இடப்பக்கம் அமர்வது நல்லது என்று எழுதினார். எதிர்க்கடைப் பணமாற்றுக்காரர் இஸ்மாயிலையும் விடவில்லை. அவரிடம் கேட்டு, (பனைக்குளம்) என்று போட்டார். டென்மார்க்கிலிருந்து வந்த ஒரு பையன், அடைப்புக்குறிக்குள் இருப்பவையெல்லாம் பேருந்து நிறுத்தங்களா என்று காமாரியாவிடம் கேட்டிருக்கிறான்.

1998 ஆகஸ்டில் நிலைமை இது: பொருளாதாரம் சரிந்திருந்தது, விடுதியில் பாதி அறைகள் காலி, இணையத்தளத்தைப் பார்த்து வந்து தங்கியவர்கள், ஓராண்டு ஐந்து மாதத்தில், இரண்டு பேர். ஒருவன் அந்த டென்மார்க் பையன்.

ஹபீப் நல்லவர். ஆகவே சுற்றி வளைத்துப் பேசினார். டெலிபோன் பில், சிக்கந்தரின் கட்டணம், சாலையில் போகிறவர்கள் தொகை எல்லாவற்றையும் பேசி முடித்த பின் விஷயத்துக்கு வந்தார்.

"டிசம்பர் வரைக்கும் பார்ப்போம் அக்கா. வெப்சைட் பார்த்து வந்தவங்க மொத்தம் இருபது பேர் ஆயிட்டா நீங்க இருங்க. இல்லேன்னா கம்ப்யூட்டர மூடிடலாம்."

"சரி தம்பி," என்றார் அருந்ததி. அவருக்கு அந்த மாதம் ஐம்பத்தொரு வயது நிறைந்திருந்தது. பன்னிரண்டாவது விண்ணப்பத்துக்கு என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

செப்டம்பரில் மெல்பர்னிலிருந்து நல்லம்மா என்பவர் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். தேடுபொறியில் தம் ஊர்ப் பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். பினாங்கு விடுதி ஒன்றின் பக்கத்தில் கொடிமலை ரயில் வந்து நின்றிருக்கிறது. "எங்கள் வட்டுக்கோட்டையிலிருந்து மலாயா சென்று ஸ்டேஷன் மாஸ்டர் ஆன முதல் மனிதரைப் பதிவு செய்தமைக்கு நன்றி. எங்கள் ஊர்ச் சங்க மலரில் வெளியிடுகிறோம்." அவர் அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பியும் வைத்தார். நான்கு நாளில் டொரொண்டோவிலிருந்து செல்வநாயகி என்பவர் விடுதித் தளத்தின் விருந்தினர் பக்கத்தில் எழுதினார்: ஏரம்பமூர்த்தி மானிப்பாய்க்காரர். வட்டுக்கோட்டையார் அவரைத் திருடுவதை மானிப்பாய் பார்த்துக்கொண்டிருக்காது.

பிறகு இரண்டு ஊராரும் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்து எழுதினார்கள். ஆயிரத்தைத் தொடாமல் கிடந்த எண் அக்டோபர் முடிவில் ஏழாயிரத்தைத் தாண்டியது. "சுத்தமான அறை, நல்ல மின்விசிறி" என்று ஒரு ஜெர்மன்காரர் எழுதிய குறிப்பு, இரண்டு வசவுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. கடைசியில், தியாகராஜாவையே நேரில் கேட்டுவிடுவது என்று இரு தரப்பும் முடிவு செய்தன. டிசம்பர் நடுவில் வருவதாகச் சொன்னவர்கள் மெல்பர்ன் அணி பன்னிரண்டு பேர், டொரொண்டோ அணி பதின்மூன்று பேர். விலாசம் தெரிந்த ஒரே விடுதியில் இடம் கேட்டார்கள்.

ஹபீப் துள்ளினார். "அக்கா, இந்த இஸ்மாயிலுக்கும் ஊர மாத்திப் போடுங்களேன்!"

"போட்டுத்தான் பாரேன்," என்றார் காமாரியா. "பனைக்குளத்துக்காரங்க வெப்சைட்ல எழுத மாட்டாங்க. நேரா வந்து ஒன்ன ஒதைப்பாங்க."

அருந்ததி சிரிக்கவில்லை. தாம் எழுதியது பிழையாக இருக்குமோ என்ற கவலை அவருக்கு வந்திருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டத்தோ கிராமாட்டில், தம் வீட்டிலிருந்து நாலாவது சந்தில் இருந்த தியாகராஜாவிடம் போனார். அவருக்கு அப்போது எழுபத்தேழு வயது.

"நீங்க வட்டுக்கோட்டைன்னுதானே சொன்னீங்க, ஐயா?"

"ஓம் பிள்ளை. அங்கயிருந்துதான் காயிதம் வரும். நான் தைப்பிங்கில பிறந்தவன். ரெண்டு ஊரையும் நான் கண்டதில்லை."

ஒரு தகரப்பெட்டியைத் திறந்து தந்தையின் ரயில்வே சேவைப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். பிறந்த இடம்: மானிப்பாய். திருமணம்: 1910, வட்டுக்கோட்டை. மலாயாவில் பணியில் சேர்ந்தது: 1912. அருந்ததிக்கு உடனே விளங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மணமகன் அந்த வீட்டில்தான் குடியேறுவான். ஏரம்பமூர்த்தி இரண்டு ஆண்டு மனைவி வீட்டில் இருந்து, அங்கிருந்தே கப்பலேறியிருக்கிறார். மகனுக்குக் கடிதம் வந்த ஊர், தந்தைக்குச் சீதன வீடு இருந்த ஊர். குடும்பப் பதிவுகளில் ஒருவருக்கு ஊர் என்பது தந்தை பிறந்த ஊர். யாரைக் கேட்டாலும் தாயின் ஊரைச் சொல்லிவிடக்கூடும் என்பது எங்கள் குடும்பத்தில் குழந்தைக்கும் தெரியும். அருந்ததி முன்பு கேட்டபோது, தந்தை எங்கே பிறந்தார் என்ற அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்காமல் விட்டிருந்தார்.

திங்கட்கிழமை காலை விடுதியில் அவர் இதைச் சொன்னபோது, ஹபீப் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"திருத்துங்க. ஆனா ஜனவரி ஒண்ணாந் தேதி திருத்துங்க."

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் சண்ட நடக்கட்டும் லா! சண்ட முடிஞ்சா எவன் டிக்கெட் போட்டு வருவான்? இருபத்தஞ்சு பேரு, அக்கா. உங்க வேலைக்குத்தான் சொல்றேன்."

"நேத்து வரைக்கும் அது தெரியாமச் செஞ்ச தப்பு, தம்பி. இன்னைக்கும் விட்டா பொய்."

"அக்கா, கோர்ட்டு மூடி ரெண்டு வருஷம் ஆச்சு," என்றார் காமாரியா. ஆனால் எழுந்துபோய்க் கணினியின் பொத்தானை அழுத்தி வைத்தவரும் அவரே.

திருத்தம் கட்டுரையின் தலையில், எல்லாவற்றுக்கும் மேலே, ஐந்து வரியில் ஏறியது. சேவைப் புத்தகத்தின் பக்க எண்ணும் அதில் இருந்தது. இரு தரப்புக்கும் தனித்தனியே மன்னிப்புக் கேட்டும் எழுதினார். பின்பு மேசை இழுப்பறையிலிருந்த தம் பொருள்களை ஒரு பிளாஸ்டிக் பையில் எடுத்து வைத்தார்: அகராதி, மூக்குக் கண்ணாடி உறை, ஹக்ஸ் மிட்டாய் டப்பா.

மறுநாளே டொரொண்டோ பதில் எழுதியது. நீதி நிலைநாட்டப்பட்டதாகவும், இனி வரவேண்டிய அவசியம் இல்லையென்றும், பதின்மூன்று பேருடைய அறைகளையும் ரத்து செய்யும்படியும் செல்வநாயகி கேட்டுக்கொண்டிருந்தார். ஹபீப் அதைப் படித்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனவர் நண்பகல் வரை திரும்பவில்லை.

மெல்பர்னிலிருந்து மூன்று நாள் சத்தமே இல்லை. நான்காம் நாள் நல்லம்மா எழுதினார். ஒரு புத்தகத்தின் ஒரு வரியை வைத்து ஊரின் மானத்தைத் தீர்மானிக்க முடியாது. அந்த வீட்டின் சீதன உறுதிப் பத்திர நகலோடு வருகிறோம். கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் உள்ள எங்கள் உறவினரும் கட்டுரையையும் திருத்தத்தையும் படித்துவிட்டுக் கொதித்துப் போயிருக்கிறார்கள். பன்னிரண்டு என்பதைப் பத்தொன்பதாக மாற்றவும்.

"ஈப்போக்காரங்கள எப்படிக் கணக்குல சேக்குறது?" என்று ஹபீப் இழுத்தார். "அவங்க பஸ்ல வர்றவங்க."

"வெப்சைட் பார்த்ததாலதானே சண்டைக்கு வர்றாங்க?" என்றார் காமாரியா. "ரெண்டும் பத்தொம்பதும் எத்தன? எண்ணு. விரல் பத்தலேன்னா நான் தர்றேன்."

டிசம்பர் 14 அன்று பத்தொன்பது பேரும் வந்து, ஆறு இரவு தங்கினார்கள். தியாகராஜாவின் வீட்டுக் கூடத்தில் நல்லம்மா சேவைப் புத்தகத்தை இரண்டு முறை வாசித்தார், கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறையும் வாசித்தார். பிறந்த ஊரை ஒப்புக்கொண்டார். சீதன உறுதியை மட்டும், வந்ததற்கு அடையாளமாக, கூடத்திலிருந்த எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினார். அடுத்த நாள் எல்லாரும் கொடிமலை ரயிலில் இடப்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்து மேலே போனார்கள்.

அருந்ததி பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். அடுத்த ஆண்டு முழுவதும் வாரம் ஒரு கட்டுரை வந்தது. ஒவ்வொருவரிடமும் இரண்டு ஊர் கேட்டு எழுதினார். 1999 முடிவில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நீங்கி வாடகை ஏற, ஹபீப் விடுதி நடந்த கடைவீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. கடைசி நாள் டிசம்பர் 31. விடுதியில் அருந்ததியின் பணிக்காலம் இரண்டு ஆண்டு, ஒன்பது மாதம், இருபத்தொன்பது நாள்.