எறும்புக்கு ஊற்றிய டீசல்

ரொஸ்மினாவுக்கு நாற்பத்தொரு வயது. பதினாறு வருடமாக, மூடிப்போன பெட்ரோல் நிலையங்களின் மண்ணைத் தோண்டி, கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறாள். வேலை நாளில் வாசனை பூச மாட்டாள். மோட்டார் சைக்கிளுக்கு எண்ணெய்கூட முந்தின நாளே நிரப்பிவிடுவாள். பெட்ரோல் பட்ட கை குப்பியைத் தொட்டால் அந்த மண் வீண்.

கோலகங்சார் சாலையோர நிலையத்துக்கு அவள் வந்தது இது மூன்றாவது தடவை. முதல் தடவை மழையில் குழி நிரம்பியது. இரண்டாவது தடவை, நேற்று, தோண்டும் இடத்துக்குக் குறி போட்டதோடு சரி; துளையிடும் இயந்திரம் மக்கர் செய்தது. நாளைக்கு இங்கே கான்கிரீட் போடப்போகிறார்கள். பெட்ரோல் டாங்கி எடுத்த பள்ளத்தின் மூன்று பக்கமும் மண் எடுத்தாயிற்று, மூன்றிலும் வாடையே இல்லை. வேலியோரம்தான் பாக்கி. வேலிக்கு அந்தப் பக்கம் பத்தடியில் அந்த வீட்டு மலாய்ப் பெரியம்மா, மக்சிக் ஸாவியாவின் கிணறு. அந்தத் தண்ணீரில்தான் அவர் குவே பலகாரம் அவித்து விற்கிறார்.

வேலியோரம் மண் ஈரமாக மின்னியது.

"நேத்து குறி போட வந்தப்ப செவ்வெறும்பு உங்க காலப் பதம் பாத்துச்சே, காக்," என்றான் இயந்திரம் ஓட்டும் தனபாலன், பெருமையாக. அக்கா என்பதை அவன் மலாயில் காக் என்பான். "அதான் புத்துல அரை லிட்டர் டீசல் ஊத்திட்டேன். ஒண்ணுகூட மிஞ்சல."

ரொஸ்மினா ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"தனபாலா, நாம இங்க என்னத்தத் தேடி வந்திருக்கோம்?"

"மண்ணுல பெட்ரோலு, டீசலு..." அவன் முகம் சுண்டிப்போனது. "முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, காக்."

"இதையும் சொல்லணும்னு தெரியாமப் போச்சு எனக்கு."

அலுவலகத்தைக் கூப்பிட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் தோண்டலாமா என்று கேட்டாள். அதிகாரி சாப்பிட்டுக்கொண்டே பேசினார். "வேலி தாண்டி நம்ம வேலை இல்லம்மா. அதை விட்டுட்டு மத்த மூணையும் அனுப்பு."

மூன்றை மட்டும் அனுப்பினால் மண் சுத்தம் என்றுதான் காகிதம் வரும். அவள் போனை வைத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் மக்சிக் ஸாவியா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "மூணு வாட்டி வந்தீங்க. என் கெணத்த யாருதான் பாப்பா?" என்றவர், வேலியோரம் இருந்த எலுமிச்சைப்புல் குத்தை மண்வெட்டியால் பெயர்த்துப் போட்டார். "என் எடம். தோண்டு."

வேலியைத் தாண்டிப் போய், புதுக் கையுறை மாட்டி, கையால் திருகும் துளைக்கம்பியை இறக்கினாள் ரொஸ்மினா. நெஞ்சளவு ஆழத்தில் மண் சாம்பல் நிறமாக வந்தது. காரமான நெடி.

தனபாலன் வேலிமேல் குனிந்து மோந்தான். "இது என் டீசல் இல்ல, காக். பெட்ரோலு. பழசு."

"மழை பேஞ்சா என் தண்ணியில இதே நாத்தந்தான்," என்றார் மக்சிக்.

குப்பியை விளிம்புவரை அடைத்து, இடத்தையும் ஆழத்தையும் எழுதி ஒட்டினாள். வேலைக் குறிப்பில் டீசல் ஊற்றியதையும் வேலி தாண்டியதையும் மறைக்காமல் எழுதினாள். வேலி தாண்டிய வரியை அலுவலகத்தில் அடித்துவிடுவார்கள். அவளுக்குத் தெரியும். பேனா அழுந்தித் தாளைக் கிழித்தது.

"மக்சிக், இனிமே கெணத்துத் தண்ணிய எடுக்காதீங்க."

"ஆபீஸ்ல சொன்னாங்களா?"

"இல்ல," என்றாள் ரொஸ்மினா. "நான் சொல்றேன்."

மக்சிக் வாளியைக் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கவிழ்த்து வைத்தார். அடுப்பில் அதே தண்ணீரில் நாளைக்கான குவே வெந்துகொண்டிருந்தது.