வலிக்காத இடம்

சென்னையில் வைத்தியம் படித்துத் தேறிய என் இளைய மகன், ஸ்காட்லாந்தில் குடும்ப டாக்டராக இருக்க ஆசைப்பட்டான். நம் பட்டம் அங்கே போதாதாம். முன்பின் அறியாத நோயாளியைத் தொட்டுப் பார்த்து நோயைச் சொல்லும் பரீட்சையில் அங்கே மறுபடியும் தேற வேண்டுமாம். புறப்படும்வரை நாகர்கோவில் வீட்டில் அவன் பழகுவதற்கு நான்தான் நோயாளி.

தோற்றுத் திரும்புவானோ என்று எனக்குக் கவலை. ஒருநாள் அவனைச் சோதிக்க, இல்லாத முழங்கால் வலியைச் சொன்னேன். முழங்காலைப் பார்த்தவன், பிறகு முதுகில் விரல் வைத்துத் தட்டினான்.

"ஏலே, முட்டு வலிக்கவனுக்கு முதுக எதுக்குல தட்டுத?"

"சும்மா இரிங்கப்பா. சொன்ன எடத்த மட்டும் பாத்தா பரீட்ச வைக்கிற தொரை தோக்கடிச்சிருவான்."

வலப்பக்கம் வெறுங்குடமாக ஒலித்தது. இடப்பக்கம் கீழே நிறைகுடம்போல் மந்தமாக இருந்தது. அவன் முகம் மாறியது.

"நடந்தா மூச்சு வாங்குதாப்பா?"

கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்வதற்குள் நான்கு இடத்தில் நின்று மூச்சு வாங்குவேன். வயது என்று நினைத்திருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் ஊசி குத்தி, நெஞ்சிலிருந்து ஒரு படிக்கு மேல் நீர் எடுத்தார்கள். இன்னும் தாமதித்திருந்தால் ஆபத்தாம். வெறும் விரல் அதைக் கண்டுபிடித்த பிரமிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை.

மகன் அங்கே தேறிவிட்டான். நான் எந்த டாக்டரிடம் போனாலும் இப்போது சட்டையைக் கழற்றி, வலிக்காத இடத்தையும் தட்டிப் பார்க்கச் சொல்கிறேன்.