வேறு காரின் சக்கரங்கள்

பெயிண்ட் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர் எங்கள் மாடியில் எனக்கு எதிர் வீட்டில் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்கா ஒருத்தி வேறு ஊரில். எப்போதாவது போன் செய்வாள், "சாப்பிட்டியா" என்பாள், வைத்துவிடுவாள். மற்றபடி அவர் மனிதரோடு பேசியதெல்லாம் காரில்தான்.

கார் பழையது. தயாரித்த கம்பெனியையே மூடிவிட்டார்கள். காலையில் ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் மூன்று பேரை ஏற்றிக்கொண்டு புறவழிச்சாலையில் போவார், மாலையில் திரும்பக் கொண்டுவந்து விடுவார். முன்சீட்டில் அக்கவுண்ட்ஸ் அம்மா. பின்னால் ஓயாமல் பேசும் 'ரேடியோ', அவன் பக்கத்தில் ஏறியதுமே கண்ணை மூடிவிடும் 'பார்சல்'.

"வீட்ல அண்ணன் வாயத் திறக்கறதே பல் தேய்க்கத்தான். மிச்சத்தையெல்லாம் நம்ம தலையில கொட்டறாரு" என்பான் ரேடியோ.

"நீ என்னைக்குடா என்னைப் பேச விட்ட?" என்பார் அவர். அந்தச் சண்டை கேட் வரைக்கும் போகும்.

சக்கரங்களின் இரும்பு ரிம் துருப்பிடித்துக் காற்று நிற்காமல் போயிற்று. அந்த அளவில் புதியது எங்கும் கிடைக்கவில்லை. பழைய சாமான் கடையில், விபத்தில் நொறுங்கிய வேறு கம்பெனிக் கார் ஒன்றின் அலாய் சக்கரங்கள் நான்கு கிடந்தன. அவற்றிலும் நான்கு துளைகள். துளைகளுக்கு நடுவே இருந்த தூரமும் அதேதான். மெக்கானிக் நீளமான நட்டுகளாகப் பார்த்துப் போட்டு முறுக்கினான்.

"அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி உட்கார்ந்துடுச்சு சார்."

மறுநாள் ரேடியோ காரைச் சுற்றி வந்து பார்த்தான். "அண்ணே, தாத்தாவுக்கு ஸ்போர்ட்ஸ் ஷூவா!" அவருக்குப் பெருமையாக இருந்தது. புறவழிச்சாலையில் வேகம் அறுபதைத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. எழுபதில் சீட்டெல்லாம் அதிர்ந்தது. பார்சலே கண் விழித்துவிட்டான்.

சக்கரங்களைப் பேலன்ஸ் பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனார். கழற்றி, மெஷினில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, "நாலும் கரெக்டா இருக்கு" என்றார்கள். அதோடு அவர் மனத்தில் விஷயம் முடிந்தது. ஸ்டோரில் சரக்கோடு வரும் சீட்டில் 'சோதித்தது' என்று முத்திரை இருந்தால் டப்பாவைத் திறந்து பார்க்கிற வழக்கம் கிடையாது.

"அண்ணே, எனக்கு ஏற்கெனவே இடுப்புவலி. இந்த ஆட்டம் ஒத்துக்கல" என்றார் அக்கவுண்ட்ஸ் அம்மா.

"ரோடு சரியில்லம்மா. வண்டிய மெஷின்லயே வச்சுப் பார்த்தாச்சு."

"நேத்து லேட்டாச்சுன்னு நம்ம ஆளுங்க போற வாடகை வேன்ல போனேனே, இதே ரோடுதான். ஆடலையே."

அடுத்த வாரம் அந்த அம்மா வேனுக்கு மாறிவிட்டார். ரேடியோ சில நாள் தாக்குப்பிடித்தான். பிறகு அவனே வந்து, "நானும் பார்சலும் வேன்ல சேர்ந்துட்டோம்ணே. தப்பா எடுத்துக்காதீங்க" என்றான்.

அவர் தனியாகப் போய் வந்தார். அவர்கள் வழக்கமாக ஏறுகிற இடங்களில் காரின் வேகம் தானாகக் குறைந்ததாம். அந்த நாட்களில் ஒரு மாலை என் கதவைத் தட்டி, "தண்ணி வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தட்டி அதையே கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தாமே கழற்றினார். அளவெடுக்க என் வெர்னியரை இரவல் கேட்டார். நானும் கூடப் போனேன். சக்கரம் உட்காரும் இடத்தின் நடுவே வட்டமான மேடு ஒன்று இருக்கிறது. அதன் குறுக்களவு ஐம்பத்து நான்கு மில்லிமீட்டர். புதுச் சக்கரத்தின் நடுத்துளை அறுபது. சுற்றிலும் மூன்று மில்லிமீட்டர் வெற்றிடம். நட்டு எந்தப் பக்கம் இழுத்ததோ அந்தப் பக்கம் சக்கரம் ஒதுங்கி நின்று சுற்றியிருக்கிறது.

"மெஷின் சொன்னது சக்கரத்தைப் பத்தி சார். வண்டியப் பத்தி அது ஒண்ணுமே சொல்லல" என்றார். அந்தம்மாவிடம் ரோட்டின் மேல் பழி போட்டதை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. வெகுநேரம் அந்தத் துளையையே துடைத்துக்கொண்டிருந்தார்.

லேத் கடையில் நான்கு அலுமினிய வளையங்கள் கடைந்து வாங்கினார். "வளையலா சார்? வீட்லயா கேட்டாங்க?" என்று கடைக்காரர் கேலி செய்தாராம். வளையத்தை இடைவெளியில் பொருத்திச் சக்கரத்தை மாட்டினார். என்னை ஏற்றிக்கொண்டு புறவழிச்சாலையில் எண்பதில் போனார். ஒரு நடுக்கமில்லை.

கேன்டீனில் சொல்லியிருக்கிறார். "சூப்பர்ணே!" என்றானாம் ரேடியோ. "ஆனா வேன்ல ஏசி போட்டுட்டான். இனிமே எங்களை இறக்க முடியாது."

பிறகு ஒரு நாள் காலை வேன் பழுதாகி நின்றுவிட்டது. ரேடியோவும் பார்சலும் பைக்கில் போய்விட்டார்கள். அக்கவுண்ட்ஸ் அம்மா மட்டும் போன் செய்து, "அண்ணே, வர முடியுமா?" என்று கேட்டார். இவர் முன்சீட்டைத் துடைத்து, கண்ணாடியைத் துடைத்து, அவசரமாகக் கிளம்பியதை நான் பால்கனியிலிருந்து பார்த்தேன்.

மாலையில் அவர் தனியாகத்தான் திரும்பினார். அவர் வீட்டு வாசலில் நிறுத்தி விசாரித்தேன்.

"ஏறினதும் 'அட, ஆட்டமே இல்லையேண்ணே'ன்னாங்க. அது என்னன்னா, நடுவுல ஒரு வளையம்னு ஆரம்பிச்சேன். மெயின் ரோடு ஏறித் திரும்பிப் பார்க்கறேன், தலைய ஜன்னல்ல சாச்சு நல்லாத் தூங்கறாங்க."

"எழுப்பலியா?"

"எப்படி எழுப்பறது சார்? இடுப்புவலியில ராத்திரியெல்லாம் தூக்கமே இல்லன்னு சொல்லிட்டிருந்தவங்க. கேட்டுக்கு வந்தும் எஞ்சின அணைக்காம உட்கார்ந்திருந்தேன். ஃபேக்டரி சங்கு ஊதினப்புறம்தான் முழிச்சாங்க. தேங்க்ஸ்ணேன்னு இறங்கி ஓடிட்டாங்க."

"சாயங்காலம் வரலியா?"

"வேன் ரெடியாயிடுச்சு சார்" என்று சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார்.